பக்கத்து இருக்கை

இண்டியானாவிலிருந்து ஐந்து மணி நேரம்.
பக்கத்து இருக்கையில் பெல்ட் மாட்டிய எஃகுக் குடுவை,
அதற்குள் திரவ நைட்ரஜன்,
அதற்குள் ஈர்க்குச்சி பருமனில் இரண்டு குழல்,
அதற்குள் டிரம்மர்.
செத்துப் பதினொரு வருஷம்.
இன்று சாயங்காலம் அவனுக்குக் கல்யாணம்.

பெண் வீட்டுக்காரி நான். வெர்லீன் காஃபி.
பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
என் ஓப்பல் அசல் புளூடிக்,
மை உதறிய பேனாவுக்குக் கீழே படுத்திருந்தவள் போல
உடம்பெல்லாம் நீலப் புள்ளி.
நேற்றிரவு போன தடத்தையும்
எழுத்துக் கூட்டி வாசிக்கிற மூக்கு.
குரல் நீளம். ஒஹாயோ ஆற்றில்
நிலக்கரிப் படகு ஊதுகிறதென்றே
புது ஆட்கள் நினைப்பார்கள்.

"அவள் வாசித்து முடிப்பதற்குள் விடிந்துவிடும்" என்பான்
என் கொழுந்தன் ஹாஸ்கல். அவன் வாக்கர் கட்சி.
வாக்கருக்குப் பழைய தடம் பிடிக்காது,
கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டும்.
சூடான வாசனை கிடைத்தால் மூன்று மேடு தாண்டி
மரத்தடியில் நிமிஷத்துக்கு நூறு குலைப்பு.
"காலி மரத்துக்கும் அதே நூறு" என்பேன் நான்.
எங்கள் குடும்பத்தில் நன்றி நவிலல் விருந்து
இப்படித்தான் வான்கோழி ஆறும்வரை நடக்கும்.

ரெட்போன் வைத்திருப்பவர்கள்
தங்கள் நாயை ஃபோட்டோவில் காட்டுவார்கள்.
பிளாக் அண்ட் டானின் காது
முள்கம்பி வேலிக்கென்றே வளர்ந்தது.
பிளாட்டை ஒருமுறை கூட்டிப்போனோம்,
சண்டையிலிருந்து பிரித்தெடுக்க மூன்று பேர்,
அதில் ஒருவருக்கு ஏழு தையல்.

ஹாஸ்கல் ஒரு வருஷம்
மகளையே தகப்பனிடம் விட்டான்.
ஒன்பது குட்டி. ஒன்று கோப்பை வாங்கியது.
அதன் படம் அவன் டிரக் கதவில் இருக்கிறது.
இரண்டுக்குத் தாடை கோணல்.
பதிவேட்டில் அவற்றுக்கு வரியே இல்லை.
கொட்டகைக்குப் பின்னால் மண் கிளறியிருந்ததைப் பார்த்தேன்,
கேட்கவில்லை.
நல்லது பிறந்தால் வம்சம் என்கிறோம்.
மற்றதற்கு நாங்கள் இன்னும் பெயர் வைக்கவில்லை.

கிளினிக்கில் டாக்டர் அன்ஸ்பாக்
குழலை வெந்நீரில் உருக்கி
நுண்ணோக்கியை என் பக்கம் திருப்பினாள்.
ஐயோ, எத்தனை வால்!
ஒவ்வொன்றும் எங்கேயோ தாமதமாகிவிட்டதுபோல.

அறுபத்து மூன்றாம் நாள் நான்கு குட்டி.
மூன்றை விற்றுக் குடுவைக் கடன் அடைத்தேன்.
ஒன்றை வைத்துக்கொண்டு டிட்டோ என்று பெயரிட்டேன்.

மறு வருஷம் அக்டோபர், நிலவில்லாத இரவு.
டிட்டோ ஓடையைத் தாண்டினான்,
மேட்டில் ஏறினான், ஒரு சைகமோர் மரத்தில்
முன்கால் ஊன்றி நின்று குரல் விட்டான்.
அந்தக் குரலுக்கே ஆயிரத்திருநூறு டாலர் தகும்.
ஹாஸ்கல் விளக்கை மேலே அடித்தான்.
கிளை. கிளை. வானம்.
சிரிக்கக்கூட இல்லை அவன். அதுதான் வலித்தது.

டிரம்மரின் சொந்தக்காரர் பெட்டிபோனைப்
பதினொன்றரை மணிக்குப் போனில் எழுப்பினேன்.
"ஓ, அதுவா," என்றார். "அவனும் அப்படித்தான்.
தடம் தப்பாது. மரம் மட்டும் பக்கத்து மரம்.
நீங்கள் கேட்கவே இல்லையே."

பக்கத்து மரம் ஒரு பீச்.
விளக்கைத் திருப்பினோம். உச்சியில் இரண்டு பச்சைக் கண்.
சைகமோரில் ஏறி, கிளைவழி இந்தப் பக்கம் தாவி,
இப்போது எங்களை வேடிக்கை பார்க்கிறது.
இந்தத் தந்திரத்துக்கு எந்தக் கோப்பையும் இல்லை.
ஏமாந்த ரக்கூனையெல்லாம் நாங்கள் தோலுரித்தோம்.
ஏமாற்றியது போய்க் குட்டி போட்டது,
அதன் குட்டியில் ஏமாற்றியது மறுபடி போட்டது.
நூறு வருஷமாக அந்த வம்சத்தையும்
நாங்களேதான் பொறுக்கி வளர்த்திருக்கிறோம்,
ஒரு சீட்டுக்கூட எழுதாமல்.

ஹாஸ்கல் துப்பாக்கியை எடுத்தான்.
பிறகு என்ன நினைத்தானோ, தோளில் மாட்டிக்கொண்டான்.

டிட்டோ சைகமோரை விட்டு வரவில்லை.
கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.
திரும்பும்போது பக்கத்து இருக்கையில் அவன்,
பெல்ட் இல்லாமல்,
கண்ணாடிக்கு வெளியே போகிற ஒவ்வொரு மரத்தையும்
சந்தேகமே இல்லாமல் பார்த்தபடி.